தாய்மாருக்குக் கதவு திறந்த பள்ளி: மரியா மாண்டிசோரி அம்மையாரின் சரிதை



பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டால் நம் கடமை தீர்ந்தது என்று எண்ணுகிறவர்கள் நம்மில் பலர் உண்டு. கட்டணம் கட்டினோம், சீருடை தைத்தோம், புத்தகம் வாங்கினோம். இனி வாத்தியார் பாடு, பிள்ளை பாடு என்று இருந்துவிடுகிறோம். அதற்காக உங்களைக் குறை சொல்ல வரவில்லை. நம் நாகூரில் விடியுமுன் கடலுக்குப் போகிறவர் உண்டு. மீன் கூடையைத் தலையில் ஏற்றித் தெருத் தெருவாய் நடக்கும் தாய்மார் உண்டு. மேற்கே வயற்காட்டு ஊர்களில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் இடுப்பொடிந்து திரும்புகிறவர்கள் உண்டு. தகப்பன் அக்கரைச் சீமையில் உழைக்க, தாய் ஒருத்தியே குடும்பப் பாரத்தைச் சுமக்கும் வீடுகளும் உண்டு. இவர்களுக்குப் பள்ளிப் படி ஏற நேரம் ஏது என்று கேட்பீர்கள்.

நியாயமான கேள்விதான். இதே கேள்வியைத் தன் முன் வைத்துக்கொண்டு விடை தேடிய ஓர் அம்மையாரின் சரிதையை இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறோம். அவர் பெயர் உங்களுக்குப் புதிதல்ல. ஊருக்கு ஊர் பாலர் பள்ளிகளின் பெயர்ப் பலகையில் அதைப் பார்த்திருப்பீர்கள். மாண்டிசோரிப் பள்ளி என்றால் பணமுள்ளவர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பள்ளி பிறந்தது பணக்காரர் வீதியில் அல்ல. தாயும் தகப்பனும் கூலிக்குப் போனபின் நாதியற்றுத் திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்காகவே அது பிறந்தது. கேளுங்கள்.

பிறப்பும் படிப்பும்

மரியா மாண்டிசோரி 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ஆம் நாள் இத்தாலி தேசத்தில், அங்கோனா நகரை அடுத்த கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் அலெஸ்ஸாந்திரோ சர்க்கார் உத்தியோகஸ்தர்; பழைய வழக்கங்களை எளிதில் விடாதவர். தாயார் ரெனில்டே நிறைய வாசித்தவர், பக்தியுள்ளவர். ஏழைகளுக்குக் கொடுப்பதற்காக மகள் நாள்தோறும் கொஞ்சமாவது கம்பளி பின்ன வேண்டும் என்பது அந்தத் தாயார் வீட்டில் வைத்திருந்த சட்டம். மரியா அவர்களுக்கு ஒரே பிள்ளை. 1875-ஆம் ஆண்டு குடும்பம் உரோமை நகரில் குடியேறிற்று.

வளர்ந்த மகள் வைத்தியப் படிப்புக்குப் போகவேண்டும் என்றாள். பெண்பிள்ளைக்கு இது தகுமா என்று தகப்பனார் தடுத்தார். தாயார் மகள் பக்கம் நின்றார். சர்வகலாசாலையில் சேர்ந்த பின்னும் சங்கடம் தீரவில்லை. ஆண் மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெண் பிரேதத்தை அறுத்துப் பார்ப்பது முறையல்ல என்று, மற்றவர்கள் போனபின் மாலை நேரத்தில், பிணங்கள் கிடக்கும் அறையில் அவர் தனியாக நின்று படிக்க வேண்டியிருந்தது. அப்படிப் படித்து 1896-ஆம் ஆண்டு வைத்தியப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அந்தப் பட்டம் பெற்ற முதல் சில பெண்களில் அவரும் ஒருவர். தடுத்த தகப்பனாரே பிற்பாடு, மகளைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்தவற்றையெல்லாம் கத்தரித்துச் சேர்த்து வைத்தார்.

பெற்றோர்களே, இதை நினைவில் வையுங்கள். ஒரு பெண்ணின் படிப்புக்கு ஒரு தாய் கொடுத்த ஆதரவு, பின்னால் கோடானுகோடிப் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தது.

தாய் ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம்

பட்டம் பெற்ற இளம் வைத்தியர், உரோமை நகரின் மனநோய் வைத்தியப் பகுதியில் வேலைக்கு அமர்ந்தார். அங்கே புத்தி மந்தமான சிறு பிள்ளைகளைப் பெரிய பைத்தியக்காரரோடு ஒன்றாக அடைத்து வைத்திருந்தார்கள். கைக்கு ஒரு பொருள் இல்லை, கண்ணுக்கு ஒரு காட்சி இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது மருந்தைவிடக் கல்வி என்று அம்மையார் கண்டார். 1900-ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு விசேஷப் பள்ளியை இன்னொரு வைத்தியரோடு சேர்ந்து நடத்தினார். எதற்கும் உதவாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் சிலர் சர்க்கார் பரீட்சையில் மற்றப் பிள்ளைகளைப் போலவே தேறியது கண்டு ஊரே வியந்தது.

அவர் வாழ்வின் பெரிய துயரமும் அந்தக் காலத்தில்தான் வந்தது. உடன் உழைத்த அந்த வைத்தியரோடு ஏற்பட்ட நேசத்தில் 1898-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31-ஆம் நாள் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மரியோ என்று பெயர். அவர்கள் விவாகம் செய்துகொள்ளவில்லை. பிறகு அந்த வைத்தியர் வேறொருத்தியை மணந்துகொண்டார். அந்தக் காலத்து ஊர் வாய்க்கு அஞ்சி, குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்தாரிடம் வளரவிட்டார்கள். தாய் எப்போதாவது போய்ப் பார்ப்பார். தான் யார் என்று சொல்லமாட்டார். இப்படிப் பதினைந்து வருஷம் கழிந்தது. அம்மையாரின் தாயார் 1912-ஆம் ஆண்டு இறந்தபின்புதான், 1913-இல், மகன் தாயோடு வந்து சேர்ந்தான். அப்போதும் வெளியார் முன் அவனை மகன் என்று சொல்ல முடியவில்லை.

இதை ஏன் சொல்லுகிறோம்? ஒருவரைத் தூற்றுவதற்காக அல்ல. தாயும் பிள்ளையும் பிரிந்திருப்பதன் வலி என்ன என்று அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மற்றத் தாய்மாரின் பிள்ளைகளுக்காக அவர் செய்த வேலையெல்லாம், தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள முடியாத ஒருத்தி செய்த வேலை. அப்படி நினைத்துப் படித்தால்தான் இனி வருவது விளங்கும்.

சான் லொரென்சோ

உரோமை நகரில் சான் லொரென்சோ என்று ஒரு வட்டாரம். பணம் பெருகிய காலத்தில் அங்கே மளமளவென்று மாடி வீடுகள் கட்டினார்கள்; பணம் முறிந்ததும் பாதியில் விட்டுப் போனார்கள். வீடற்ற ஏழைகள் அந்தக் கட்டடங்களில் நெருக்கியடித்துக் குடியேறினார்கள். வெளிச்சம் இல்லை, தண்ணீர் இல்லை, நோய்க்குக் குறைவில்லை. பிற்பாடு ஒரு கட்டடக் கம்பெனி அவற்றை வாங்கிச் செப்பனிட்டு, உழைப்பாளிக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டது. தாய் தகப்பன் வேலைக்குப் போனதும், பள்ளி வயது வராத சிறிசுகள் மாடிப்படியில் விளையாடிச் சுவரைக் கிறுக்கிப் பாழாக்கின. பழுதுபார்க்கும் செலவு மிஞ்சியது. அந்தப் பணத்தைக் கொண்டு பிள்ளைகளைக் காக்க ஓர் அறை ஏற்படுத்தினால் என்ன என்று கம்பெனி நிர்வாகி எதுவார்தோ தாலாமோ எண்ணி, மாண்டிசோரி அம்மையாரை அழைத்தார்.

1907-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 6-ஆம் நாள், மூன்று இராஜாக்கள் திருநாளன்று, அந்தக் கட்டடத்துக்குள்ளேயே ஓர் அறையில் பிள்ளைகள் இல்லம் திறக்கப்பட்டது. ஐம்பது பிள்ளைகளுக்கு மேல் வந்தார்கள். பயந்த முகம், அழுத கண், கந்தைத் துணி. பார்த்துக்கொள்ள வந்த பெண் ஆசிரியைப் பயிற்சி பெற்றவரும் அல்ல.

அந்த இல்லத்தில் நடந்த அதிசயங்களை உலகம் பேசிற்று. பிள்ளைகள் பொம்மையைவிட வேலையை விரும்பின. மிட்டாயைத் தள்ளிவிட்டுப் பலகையும் உருளையும் தேடின. சத்தமில்லாமல் இருப்பதை ஒரு விளையாட்டாகக் கற்றன. ஆனால் உலகம் அவ்வளவாகப் பேசாத ஒரு பகுதி உண்டு. அதுதான் பெற்றோர்களாகிய உங்களுக்கு வேண்டியது.

சுவரில் தொங்கிய சட்டம்

இல்லத்தின் சுவரில் ஒரு சட்டத் தாள் தொங்கவிடப்பட்டது. அது பிள்ளைகளுக்கு எழுதியது அல்ல, பெற்றோருக்கு எழுதியது. கட்டணம் ஒரு காசும் வேண்டாம். ஆனால் தாய்மார் பிள்ளையைக் குறித்த நேரத்துக்கு, உடம்பும் துணியும் சுத்தமாக, மேலங்கி போட்டு அனுப்ப வேண்டும். நடத்துகிற அம்மாளுக்கு மரியாதை காட்ட வேண்டும். கல்விக் காரியத்தில் அவரோடு ஒத்துழைக்க வேண்டும். வாரத்தில் ஒரு முறையாவது தாய் வந்து, வீட்டில் பிள்ளை எப்படி இருக்கிறது என்று சொல்லி, இல்லத்தில் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் போகலாம்.

நடத்துகிற அம்மாள் அதே கட்டடத்தில் குடியிருக்க வேண்டும் என்பதும் அம்மையாரின் ஏற்பாடு. வேலை முடிந்து வரும் தாய், மாடிப்படி ஏறும்போதே எட்டிப் பார்க்கலாம். எந்த வேளையிலும் உள்ளே போகலாம். பள்ளிக்குப் போக நேரம் இல்லாத ஏழைத் தாயின் வாசலுக்கே பள்ளியைக் கொண்டுவந்து விட்டார் பாருங்கள்! பிள்ளையின் உயரத்தை அளந்து குறித்து, வளர்ச்சியைக் கணக்கு வைத்தார்கள். தாய் வந்து கேட்டால் சொல்ல விஷயம் இருந்தது. இந்த இல்லம் கம்பெனி போட்ட பிச்சை அல்ல. பழுதுச் செலவு மிஞ்சியதால் குடியிருப்போர் தாங்களே சம்பாதித்துக்கொண்ட பொதுச் சொத்து என்று அம்மையார் அவர்களுக்கு எடுத்துச் சொன்னார். தன் சொத்து என்று நினைக்கிறவன்தான் காப்பான் அல்லவா?

கொஞ்ச நாளில் மாறுதல் தெரிந்தது. பிள்ளை கை கழுவக் கற்று வந்தது. வீட்டில் தாயின் கையையும் பார்த்தது. ஜன்னல்கள் துடைக்கப்பட்டன, ஜன்னலோரம் பூந்தொட்டிகள் வந்தன.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இவ்வளவு சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கும் எண்ணம் அம்மையாருக்கு முதலில் இல்லை. ஒரு நாள் தாய்மார் சிலர் சேர்ந்து வந்து, எங்கள் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று மன்றாடினார்கள். அவர்களோ கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள். அம்மையார் அவர்களைத் தட்டிவிடவில்லை. உப்புத்தாளில் எழுத்துக்களை வெட்டி ஒட்டி, பிள்ளைகள் விரலால் தடவிப் பழகும்படி செய்தார். கிறிஸ்துமஸ் நெருங்கும் நாளில் பிள்ளைகள் திடீரென்று எழுதத் தொடங்கிவிட்டன. தரையில் எழுதின, கதவில் எழுதின, ரொட்டியின் மேலோட்டில்கூட எழுதின. வீட்டைக் காப்பாற்றத் தாய்மார் காகிதமும் பென்சிலும் வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று!

உலகமெங்கும் புகழ்பெற்ற அந்த உப்புத்தாள் எழுத்து, எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார் வாய் திறந்து கேட்டதனால் வந்தது. கேட்காதிருந்தால்? கேட்டபோது, உனக்கென்ன தெரியும் என்று அவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தால்?

ஒரு கடினமான சட்டம்

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அதே சுவர்த் தாளில் வேறொரு சட்டமும் இருந்தது. அழுக்காக வரும் பிள்ளை நீக்கப்படும். பெற்றோர் மரியாதை தவறினாலோ, தீய நடத்தையால் இல்லத்தின் வேலையைக் கெடுத்தாலோ பிள்ளை நீக்கப்படும் என்று அது சொல்லிற்று. ஒழுங்கு ஏற்படுத்த அது உதவியிருக்கலாம். ஆயினும் யோசியுங்கள். எந்த வீட்டில் தண்ணீர் இல்லையோ, எந்த வீட்டில் தகப்பன் குடித்துவிட்டு வருகிறானோ, அந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் இல்லம் அதிகம் தேவை. பெற்றோரின் குற்றத்துக்குப் பிள்ளையை வெளியே நிறுத்துவது எப்படித் தகும்? வாரம் ஒருமுறை வரச்சொல்லிச் சட்டம் எழுதிய அம்மையாரே, அந்த நாளில் தன் மகனை வாரம் ஒருமுறை பார்க்க முடியாத நிலையில்தான் இருந்தார். வரமுடியாத பெற்றோர் எல்லாரும் அன்பில்லாதவர்கள் அல்ல என்பதற்கு அவர் வாழ்வே சாட்சி.

நம் தேசத்தில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியுமுன் எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று விதித்திருக்கிறது. பெற்றோரை அழைக்க வேண்டும். வராவிட்டால் தேடிப்போக வேண்டும். ஆனால் பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது. சான் லொரென்சோவிலிருந்து நாம் எடுக்கவேண்டியதையும் விடவேண்டியதையும் இப்படிப் பிரித்து அறியவேண்டும்.

தேசம் விட்டுத் தேசம்

அம்மையாரின் புகழ் ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் பரவிற்று. ஸ்பெயின் தேசத்துப் பார்சலோனாவில் இருந்தபோது, பிள்ளைகளுக்கு ஞானக் காரியங்களைக் கற்பிக்கும் வழியையும் ஆராய்ந்தார். அங்கே பிள்ளைகள் தாங்களே கோதுமை விதைத்து அறுத்து, திராட்சை வளர்த்து, பூசைக்கு அப்பமும் இரசமும் ஆகும்படி கொடுத்தார்கள். குறுவையும் சம்பாவும் விளையும் நம் காவிரிச் சீமைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விதைத்த கைக்குத்தான் அறுப்பின் ஆனந்தம் தெரியும், கல்வியிலும் அப்படியே.

பின்னர் கெட்ட காலம் வந்தது. ஜெர்மனியிலும் இத்தாலியிலும் சர்வாதிகாரிகள் அவருடைய பள்ளிகளை மூடினார்கள். 1936-இல் ஸ்பெயினில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. அம்மையார் ஹாலந்து தேசம் சென்றார். 1939-ஆம் ஆண்டு, அறுபத்தொன்பது வயதில், பிரம்மஞான சபையார் அழைப்பின்பேரில் மகன் மரியோவோடு சென்னை அடையாற்றுக்கு வந்தார். முந்நூறு பேருக்கு மேல் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மகன் அதை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார்.

1940-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இத்தாலி யுத்தத்தில் இறங்கிற்று. ஆங்கில சர்க்கார் மரியோவைப் பகை நாட்டான் என்று அகமதுநகரில் காவலில் வைத்தது. முதிய தாய் மறுபடியும் மகனைப் பிரிந்தார். ஆகஸ்டு 31-ஆம் நாள் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. அந்த நாளின் பரிசாக, மகனை அவரிடம் திருப்பி அனுப்பினார்கள். தாய்க்கு இதைவிட வேறு என்ன பரிசு வேண்டும்?

1942 முதல் 1944 வரை கோடைக்கானலில் தங்கிப் பிள்ளைகளோடு பழகினார். இலங்கையிலும் பயிற்சி நடத்தினார். நம் தேசத்துத் தாய்மார் குழந்தையை இடுப்பிலும் தோளிலும் சுமந்து, கடைக்கும் கோயிலுக்கும் வேலைக்கும் கூடவே கொண்டுபோவதை அம்மையார் கூர்ந்து கவனித்தார். பெரியவர் பேச்சையும் உலக நடப்பையும் குழந்தை அங்கிருந்தே கற்றுக்கொள்ளுகிறது என்று எழுதினார். நாம் வறுமையின் அடையாளம் என்று வெட்கப்படும் ஒன்றை, அவர் சிறந்த பள்ளி என்று மதித்தார்.

1946-இல் ஐரோப்பாவுக்குத் திரும்பி, மறுபடியும் 1947-இல் இங்கே வந்து 1949 வரை உழைத்தார். 1952-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள் ஹாலந்தில் நூர்த்வைக் என்னும் கடலோர ஊரில் மரித்தார். கூட இருந்தவர் மரியோ. வாழ்நாளெல்லாம் வெளியே சொல்லாத உறவை, மரண சாசனத்தில் மகன் என்றே எழுதி வைத்திருந்தார். அந்த ஊர்க் கத்தோலிக்கக் கல்லறையில் அவர் உடல் அடங்கியிருக்கிறது.

நமக்கு என்ன?

பெற்றோர்களே, சான் லொரென்சோவில் நடந்தது நம் நாட்டிலும் வேறு வேறு விதமாய் நடந்துதான் இருக்கிறது. காமராஜர் முதல் மந்திரியாயிருந்த காலத்தில், 1956-ஆம் ஆண்டு பள்ளிகளில் மதிய உணவு பரவத் தொடங்கியபோது, சர்க்கார் பணத்தோடு ஊராரின் அரிசியும் காய்கறியும் சேர்ந்தன. 1980-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டத்தில், தாய் கண்முன் குழந்தையை மாதந்தோறும் எடை போட்டு அட்டையில் குறித்தார்கள். எடை ஏறாத குழந்தைக்குச் சத்துமாவு கொடுத்து, தாய்க்கு வழி சொன்னார்கள். எடைத் தட்டில் பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்த தாய்க்கு, நூறு பிரசங்கம் சொல்லாததை அந்த முள் சொல்லிற்று. இன்று கல்வி உரிமைச் சட்டத்தின்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். சட்டம் நாற்காலி போட்டு வைத்திருக்கிறது. உட்கார ஆள் வேண்டாமா?

ஆகவே இந்த மாதத்தில் மூன்று காரியம் செய்யுங்கள்.

முதலாவது, பிள்ளை அங்கன்வாடிக்குப் போனால், எடை போடும் நாளைக் கேட்டு அறிந்து நீங்களே போங்கள். பாட்டியையோ பக்கத்து வீட்டு அக்காளையோ அனுப்புவது போதாது. முடியாத நாளில் அவர்களை அனுப்பினாலும், மாலையில் அட்டையை வாங்கிப் பாருங்கள்.

இரண்டாவது, ஆசிரியரிடம் பேசுங்கள். புகார் சொல்ல மட்டும் அல்ல; பிள்ளை இராத்திரி தூங்குகிறதா, எதற்குப் பயப்படுகிறது, வீட்டில் என்ன துக்கம் நடந்தது என்பதைச் சொல்லுங்கள். இவற்றை நீங்கள் சொல்லாமல் எந்த ஆசிரியருக்கும் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாது என்று கூச வேண்டாம். சான் லொரென்சோத் தாய்மாருக்கும் தெரியாது.

மூன்றாவது, தகப்பன்மாரே, இது தாய்மார் வேலை என்று ஒதுங்காதீர்கள். கடலுக்குப் போகாத நாள் ஒன்று உண்டு. அறுப்பு முடிந்த நாள் ஒன்று உண்டு. வெளிநாட்டில் இருப்பவருக்குத் தொலைபேசி உண்டு. மதிப்பெண் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், இன்று பள்ளியில் என்ன செய்தாய் என்று கேளுங்கள்.

ஆசிரியர்களாகவும் அங்கன்வாடிப் பணியாளராகவும் நம் பங்கில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். வராத தாயை அசட்டைக்காரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவள் மீன் விற்றுத் திரும்பும் நேரம் எது, வயலிலிருந்து கரையேறும் நேரம் எது என்று கேட்டு, கூட்டத்தை அந்த நேரத்துக்கு வையுங்கள். வந்தவளுக்குப் பெஞ்சியில் இடம் கொடுத்து, அவள் சொல்வதை முதலில் கேளுங்கள்.

பள்ளியும் வீடும் ஒரு வண்டியின் இரு மாடுகள். ஒன்று இழுக்க மற்றொன்று நின்றால், நுகத்தடி இரண்டின் கழுத்தையும் அறுக்கும். வண்டியில் இருக்கும் பிள்ளை போய்ச் சேராது. இந்த மாதம் அந்தப் பள்ளிப் படி ஒருமுறை ஏறுங்கள், பெற்றோர்களே. உங்கள் பிள்ளை அதைத் தன் ஆயுள் முழுவதும் மறக்காது.